சனிக்கிழமை, நாலு மணி

மாம்பலம் ஸ்டேஷன் வாசல். வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. வாசனை அப்புறம் வந்தது.

நேற்று ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது. இன்று வெறும் தண்ணீர். இப்படி வாரம் ஒரு நாள் பட்டினி, இது எட்டாவது சனிக்கிழமை.

ஒன்று கவனித்தேன். பசி ஏறிக்கொண்டே போவதில்லை. ஒரு மணிக்கு வந்து கத்தியது, மூன்று மணிக்குச் சொல்லாமல் போய்விட்டது. கிரெலின் என்ற ஹார்மோன் வழக்கமான சாப்பாட்டு நேரத்தில் ஏறும். சாப்பிடாவிட்டாலும் தானே இறங்கிவிடும்.

கல்லீரல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் ஒரு நாளில் பெரும்பாலும் கரைந்து, உடம்பு கொழுப்பில் கை வைக்கும். கொழுப்பு கரையும்போது கீட்டோன் என்ற பொருள் உருவாகும். என் வாய் நாற்றத்துக்கும் அதுதான் காரணம் (மனைவி சொன்னது).

செல்கள் தங்கள் குப்பையைத் தாங்களே தின்னும் ‘ஆட்டோஃபேஜி’யை ஆராய்ந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் கிடைத்தது. பட்டினிக்கு இதுதான் ஆதாரம் என்று வாட்ஸ்அப்பில் எல்லோரும் அனுப்புகிறார்கள். அவர் பட்டினி போட்டது ஈஸ்டை. மாம்பலத்துக்காரனை இல்லை.

“நானும் இருக்கேன்டா” என்றாள் அம்மா. சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறவள். பட்டினியோடு அந்த மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது என்று சண்டை போட்டு நிறுத்தினேன்.

அவளுடைய பழைய சனிக்கிழமை ஒருபொழுது வேறு. மதியம் முழுச் சாப்பாடு, ராத்திரி நெய் மிதக்கும் ரவா உப்புமா!

எட்டு வாரத்தில் என் எடை ஒன்றரை கிலோ இறங்கியது. ஞாயிறு காலைப் பொங்கல்-வடையை நிறுத்தினால் இன்னும் குறையுமாம்.

நாளைக்கு வடை ரெண்டு சொல்லியிருக்கிறேன்.