48 வயதில் ய, ள, ன, க

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் 1970-ல் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்தபோது எனக்கு வயது 18. இடது கையில் ஸ்டிக் என்கிற எழுத்து அடுக்கும் சிறு தட்டு, எதிரே சரிவாக எழுத்துக் கேஸ், அதாவது எழுத்துக்கு ஓர் அறை வைத்த பெட்டி. வலது கை ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அடுக்கும், இடது கைக் கட்டைவிரல் வரி சரியாமல் பிடித்துக்கொள்ளும். ஈய எழுத்து இடவலம் மாறி இருக்கும். அதை அப்படியே வாசிக்கப் பழக ஆறு மாதம் பிடித்தது. அப்புறம் கண் தேட வேண்டியதில்லை, கை தானாக அந்த அறைக்குப் போய்விடும்.

சபைப் பத்திரிகை, கன்வென்ஷன் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, அடக்க ஆராதனை முறை என்று எங்கள் ஊர் மக்களின் நல்லது கெட்டது எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயின. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. பழைய கொம்பு வைத்த ணை, லை, சுழித்த றா, னா எல்லாம் போய்ப் புது வடிவம் வந்தது. பல மாதம் என் கை பழைய அறைக்கே போய் வெறுமனே திரும்பியது. சில பெரியவர்கள் பழைய எழுத்துதான் வேண்டும் என்பார்கள். அவர்களுக்காக அந்த எழுத்துகளைத் தனிக் கேஸில் எடுத்து வைத்திருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுவிலேயே பக்கத்து அச்சகங்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எங்களிடமும் வரும் என்று தெரியும். 1998-லிருந்து தினமும் காலை ஐந்து மணி ஜெபத்தில் நான் ஒன்றையே கேட்டேன்: ஆண்டவரே, நான் ரிட்டயர் ஆகும்வரை அது இங்கே வரக் கூடாது. பையன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான், மகளுக்குக் கல்யாணம் பார்க்க வேண்டும். வேறு எதையும் அவ்வளவு மன்றாடிக் கேட்டதில்லை.

2000-ம் ஆண்டு தொடக்கத்தில் வந்துவிட்டது. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, இனி ஈய எழுத்து தேவைப்படாத ஆஃப்செட் அச்சுதான், எழுத்துக் கோக்கும் கம்போசிங் பிரிவு இல்லை என்றார். ஒன்று, பைண்டிங்குக்குப் போகலாம். இல்லை, கணக்கை முடித்துக்கொண்டு போகலாம். கம்ப்யூட்டரில் தமிழ் டைப் அடிக்கத் தெரிந்தால் அங்கே உட்காரலாம், ஆனால் அதை நாங்களேதான் கற்றுக்கொண்டு வர வேண்டும். ஆறு பேரில் நான்கு பேர் கணக்கை முடித்துக்கொண்டார்கள். ஒருவர் பைண்டிங்குக்குப் போனார்.

அதற்கு அடுத்த வாரம் எழுத்துகளைப் பழைய ஈயமாக எடைக்குப் போட்டார்கள். சாக்குச் சாக்காக அள்ளித் தராசில் வைத்தார்கள். ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி சேர்ந்த உலோகம் அது, நல்ல கனம். 30 வருடம் ஒவ்வொன்றாகத் தொட்டு, பிரித்து, அதனதன் அறையில் போட்டு வைத்த எழுத்துகள். கீழே சிந்திக் கிடந்த ஒரு 'ழ'வைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த நாட்களில் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போடுவேன், வார்த்தை எழும்பாது. இரண்டு வருடம் கேட்டேனே, பதில் இதுதானா என்பதைத் தவிர மனதில் வேறொன்றும் இல்லை. ஒரு ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்து பாயை விரித்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "வரக் கூடாதுன்னு ஜெபம் பண்ணுனீங்க. வந்துட்டு. இனி அதைக் கத்துக்கிடணும்னு ஜெபம் பண்ணுங்களேன்."

இவ்வளவு எளிதான ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் காலையிலிருந்து என் விண்ணப்பத்தை மாற்றினேன்.

சபையில் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். மோசே பார்வோன் முன்னால் நிற்கும்போது 80 வயது, ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்படும்போது 75 என்று எடுத்துக்காட்டினார்கள். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அது என்னைத் தேற்றவில்லை. அவர்களைக் கர்த்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மோசே கண்ட எரிகிற முட்செடி போல எதுவும் என் முன்னால் இல்லையே.

என்னை அசைத்தது காலேப். யோசுவா 14-ம் அதிகாரம். 40 வயதில் தேசத்தை வேவு பார்க்கப் போன மனிதன், 45 வருடம் கழித்து, 85 வயதில் யோசுவாவிடம் வந்து நிற்கிறான். அவனை யாரும் கூப்பிடவில்லை, அவனாகவே வருகிறான். கேட்பது மலைநாட்டை. அங்கே ஏனாக்கியர் என்கிற இராட்சதர் இருக்கிறார்கள், அரணான பெரிய பட்டணங்கள் இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டே கேட்கிறான். கர்த்தர் என்னோடிருந்தால் துரத்திவிடுவேன் என்கிறான். அந்த 'இருந்தால்' எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்தப் பகுதியை நானே எத்தனையோ தடவை பிரசங்கக் குறிப்புகளில் எழுத்துக் கோத்திருக்கிறேன். எழுத்துக் கோக்கிறவன் எழுத்தைத்தான் பார்ப்பான், சேதி தங்காது. அன்றைக்குத்தான் தங்கியது.

முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சாயங்கால பேட்சில் சேர்ந்தேன். என் வலதுபக்கம் பிளஸ் ஒன் படிக்கிற பையன், இடதுபக்கம் பாவாடை தாவணியில் ஒரு பிள்ளை. சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முதல் பாடம் இடது கைக்கு ய, ள, ன, க. 'ய' சுண்டுவிரலுக்கு. 30 வருடத்தில் என் இடது சுண்டுவிரல் ஒரு வேலையும் பார்த்ததில்லை, ஸ்டிக்குக்கு அடியில் சும்மா கிடந்தது. இப்போது அதை அழுத்தச் சொன்னால் பக்கத்து விரலையும் இழுத்துக்கொண்டு வரும். அப்புறம் புள்ளி. கேஸில் 'ம்' என்றால் அது ஒரே எழுத்து, எடுத்து வைத்தால் முடிந்தது. டைப்ரைட்டரில் முதலில் புள்ளியைத் தட்டி, அது நகராமல் நிற்க, அதன்மேல் 'ம' தட்ட வேண்டும். 'அம்மா' என்று அடிக்கப் போய் புள்ளியைப் பின்னால் தட்டி, அது அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காரும்.

"ஐயா, கீயைப் பாக்காதீங்க. பேப்பரை மட்டும் பாருங்க" என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்லும். கை தன்னால் போக வேண்டும் என்பது எனக்குப் புதிது இல்லை. அது எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்ததாலேயே, இன்னும் போகவில்லையே என்ற தவிப்பு அந்தப் பிள்ளைகளைவிட எனக்கு அதிகமாக இருந்தது.

ஆகஸ்ட் பரீட்சையில் லோயர் (இளநிலை) எழுதினேன். இரண்டாம் தாளில் கடிதமும் ஸ்டேட்மென்டும் சுத்தமாக வந்தன. வரி அமைப்பதும் பத்தி பிரிப்பதும் என் தொழிலாச்சே. ஸ்பீடு தாளில் நேரம் முடிந்தபோது பாதிப் பத்தி மிச்சம் இருந்தது. ஃபெயில். அந்தப் பையனும் அந்தப் பிள்ளையும் பாஸ்.

இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. விசுவாசத்தைப் பற்றி இன்றைக்குப் பேசுகிறவர்கள் சிலர், ஜெபித்தேன், கதவு திறந்தது என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். என் கதவு அப்படித் திறக்கவில்லை. ஆறு மாதம் தவறாமல் ஜெபித்தும் என் சுண்டுவிரல் மெதுவாகத்தான் அசைந்தது. ஆனால் ரிசல்ட் வந்த மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். என் சுபாவத்துக்கு அது நடக்கிற காரியமே இல்லை. நான் ரோஷக்காரன். என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது கர்த்தர்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அந்த ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த பதில் அந்த நாற்காலிதான்.

அந்தச் சமயத்தில் எங்கள் குருவானவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வங்காளத்திலுள்ள செராம்பூரைப் பற்றிப் பேசினார். 1812 மார்ச் 11 சாயங்காலம் அங்கிருந்த மிஷன் அச்சகம் தீப்பிடித்து எரிந்தது. பல கீழ்த்திசை மொழிகளின் அச்செழுத்துகள், காகிதம், மிஷனரி வில்லியம் கேரி வருடக்கணக்காக எழுதி வைத்திருந்த அகராதி, இலக்கணக் கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் போயின. கேரிக்கு அப்போது 50 வயது. அச்சகப் பொறுப்பில் இருந்த வார்டு சாம்பலைக் கிளறிப் பார்த்தபோது எழுத்து வார்க்கும் அச்சுகள் சேதமில்லாமல் கிடைத்தன. உருகிக் கிடந்த உலோகத்தையே எடுத்து மறுபடி எழுத்து வார்க்க ஆரம்பித்தார்கள். எத்தனையோ பேர் கேட்ட பிரசங்கம்தான். ஆனால் உருகிய ஈயம் என்ற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சாக்கில் போன என் எழுத்துகளும் எங்கோ உருகியிருக்கும்.

போன பாதையில் இரண்டாம் தடவை நடப்பது, வலித்தாலும், முதல் தடவையைவிடச் சுலபம் என்று கேரி எழுதினாராம். எனக்கு அது பொருந்துமா என்று பல நாள் யோசித்தேன். கேரிக்குத் திரும்ப நடக்க அதே பாதை இருந்தது, எனக்கு அது இல்லை. ஆனால் ஒன்று இருந்தது. 18 வயதில் ஒன்றுமே தெரியாமல் ஒரு கேஸின் முன்னால் நின்று, ஆறு மாதத்தில் கை பழகியதே, அந்த நினைவு. கற்றுக்கொள்கிற பாதையில் நான் ஏற்கெனவே ஒரு தடவை நடந்தவன்தான்.

2001 பிப்ரவரியில் பாஸ் செய்தேன். அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார்கள். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளை ஒரு இளைஞன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். அங்கே எனக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. வரிக்கு நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும், தலைப்புக்கு எந்த அளவு எழுத்து என்பதெல்லாம் என் கண்ணுக்குள் இருந்தது. அவன் என்னைப் பக்கம் பார்க்கக் கூப்பிடுவான், நான் அவனைக் கட்டளை மறந்தால் கூப்பிடுவேன். 2010-ல் 58 வயதில் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

இப்போது 72. எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே குருவானவரின் கீழுள்ள சபைகளில், பழைய சபைப் பதிவேடுகளும் அச்சிட்ட அறிக்கைகளும் ஒரு மர அலமாரியில் இருக்கின்றன. அரித்து, ஓரம் உதிர்ந்து கிடக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பேசினார்கள். வாலிபர் சங்கப் பிள்ளைகள் ஆசையாக ஆரம்பித்தார்கள். பழைய ணை, லை, றா, னா வந்ததும் நின்றுவிட்டார்கள், இது என்ன எழுத்து தாத்தா என்று கேட்டு வந்தார்கள். நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆனால் இப்போது எல்லாம் யூனிகோட் எழுத்துமுறை, அவர்கள் வைத்திருப்பது டைப்ரைட்டரிலிருந்து மாறிய தமிழ் 99 விசைப்பலகை. 'ய' பழைய இடத்தில் இல்லை, புள்ளியும் பழைய இடத்தில் இல்லை. என் விரல் மறுபடியும் பழைய அறைக்குப் போய் வெறுமனே திரும்புகிறது.

பேத்தி விசைப்பலகைப் படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். மானிட்டருக்குக் கீழே அந்த ஈய 'ழ'வை வைத்திருக்கிறேன். காலை ஐந்து மணி ஜெபம் முடிந்ததும் ஏழு மணிவரை தட்டுகிறேன். முதல் பதிவேட்டில் 23 பக்கம் முடிந்திருக்கிறது.