பரா லைற் என்றுதான் நினைத்தேன்

1991 நவம்பரில் நோர்வேயின் வடகோடியில் இருக்கும் போட்ஸ்ஃபியூர்ட்டுக்கு வந்து சேர்ந்தேன். மீன் பக்ரறி வேலை. அந்தக் காலத்தில் ஃபின்மார்க் கரையோர ஊர்களில் மீன் வெட்டும் மேசைகளில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் நின்றார்கள். நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்தொழிலாளியின் மகன், மீன் எனக்குப் புதிதில்லை. குளிரும் இருட்டும்தான் புதிது. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் இனி ஜனவரி நடுப்பகுதியில்தான் தலைகாட்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு நாள் இரவு வேலை முடிந்து, கூட இருந்த அண்ணையோடு அறைக்கு நடந்துகொண்டிருந்தேன். மலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. ஏதோ புகை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது வெளிறிய பச்சையாகி, வானத்தின் குறுக்கே நீண்டு, சட்டென்று கீழே கிடந்த பனியெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. நான் அப்படியே குப்புறப் படுத்துவிட்டேன்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் முந்தைய வருடம் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நேரம் இரவில் வானம் வெளித்தால் அது பரா லைற்தான், பரசூட்டில் மிதந்து இறங்கும் ஆமியின் வெளிச்சக் குண்டு. அடுத்தது ஷெல் வரும், பங்கருக்குள் இறங்க வேண்டும். உடம்பு அதற்குப் பழகியிருந்தது.

"எழும்பு தம்பி, ஒண்டும் விழாது" என்றார் அண்ணை. "இதைத்தான் நூர்லீஸ் எண்டுறவங்கள்."

நூர்லீஸ் என்றால் வடக்கு வெளிச்சம், வடதுருவ ஒளி. எழும்பிப் பார்த்தேன். படங்களில் வருகிற அடர்பச்சை இல்லை. கமராவுக்குப் பிடிபடுகிற அளவு நிறம் கண்ணுக்குப் பிடிபடாது. பால் கலந்த மாதிரி ஒரு பச்சை, கீழ்விளிம்பில் மட்டும் கொஞ்சம் இளஞ்சிவப்பு. வீச்சுவலை விரிந்து தண்ணீரில் விழுவதற்கு முன்னால் ஒரு கணம் காற்றில் நிற்குமே, அப்படி விரிந்தது. ஆனால் விழாமல் மறுபடி சுருங்கி வேறிடத்தில் விரிந்தது. நான் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே நின்றேன். சத்தம் வரவேயில்லை.

அடுத்த நாள் பக்ரறியில் ஒரு நோர்வேக்காரக் கிழவி, அதைப் பார்த்து விசிலடிக்கக் கூடாது, வெள்ளைத் துணி காட்டக் கூடாது, வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று சொன்னா. இரவில் விசிலடித்தால் பாம்பு வரும் என்று அம்மா சொல்லுவா. சரி, எல்லா ஊர்க் கிழவிகளும் ஒன்றுதான்.

காரணம் தெரிந்தது சில வருடங்கள் கழித்து. அப்போதைய 200 குரோனர் தாளில் இருந்த மனிதர் யார் என்று கேட்கப்போய்த்தான் கிறிஸ்தியான் பிர்கெலாண்டை அறிந்தேன். 1899இல் அல்தாவுக்குப் பக்கத்தில் ஹால்டே மலை உச்சியில் அவதானிப்பு நிலையம் கட்டி இந்த வெளிச்சத்தை ஆராய்ந்தவர். சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களைப் பூமியின் காந்தம் துருவப் பக்கம் திருப்பிவிடுகிறது. 100 கிலோமீற்றருக்கு மேலே அவை ஒட்சிசனில் மோதும்போதுதான் அந்தப் பச்சை.

அந்த வெளிச்சத்தை முதலில் பார்த்த கிழமையே அப்பாவுக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினேன். பனிக்குள் படுத்ததை மட்டும் எழுதவில்லை. பதில் வர மூன்று மாதத்துக்கு மேலாயிற்று. ஊரில் கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் எழுதியிருந்தார். வீட்டுச் செய்திகள், மண்ணெண்ணெய் விலை, கடலுக்குப் போக முடியாத கதை. நிறத்தைப் பற்றி நான் எழுதியதற்கு ஒரு சொல் பதிலில்லை. நிலவு காலத்தில் வலையில் மீன் குறையும் என்பது அவருடைய கணக்கு. கடைசி வரியில் மட்டும் கேட்டிருந்தார்: "அந்த வெளிச்சத்திலை மீன் படுமோ?"