ஏழு வரி மாற்றத்துக்கு ஒரு பிற்பகல்

நான் 22 ஆண்டுகளாக ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதிவருகிறேன். அவற்றில் 11 ஆண்டுகள் ஒரே கடன் கணக்கு மென்பொருளோடு கழிந்தவை. எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல் கருவி வழங்கப்பட்டபோது, அனுபவசாலிகளுக்கு இது தேவையா என்று உணவு இடைவேளைகளில் நடந்த விவாதங்களில், தேவையில்லை என்போர் பக்கம்தான் நின்றேன். இன்றும் அங்கிருந்து முழுதாக விலகிவிடவில்லை என்றாலும், எத்தனை ஆண்டு அனுபவம் என்பதைவிட எந்த நிரலில் அனுபவம் என்று கேட்டிருக்க வேண்டும் என இப்போது தோன்றுகிறது.

வட்டி கணக்கிடும் பகுதியில் ஒரு சிறு மாற்றத்தை அந்தக் கருவியிடம் ஒப்படைத்தேன். அது கேட்டதைச் செய்ததோடு நில்லாமல், லீப் ஆண்டிலும் 365ஆல் வகுக்கும் வரி ஒன்றைப் பிழையென்று கருதி 366 ஆக்கி, நிரல் சரியாக இயங்குகிறதா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட்டுகளையும் அதற்கேற்பத் திருத்தி வைத்திருந்தது. எல்லா டெஸ்ட்டுகளும் ‘சரி’ என்று பச்சை காட்டின. ஆனால் அந்த 365, ஒரு வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் உள்ள விதி. அதைப் பற்றி நிரலில் ஒரு குறிப்புகூட எழுதாமல் விட்டவன் நான்தான். நானே எழுதியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் ஏழு வரி மாற்றம், கருவி எழுதிய அறுபது வரிகளைப் படித்துச் சரிபார்ப்பதில் ஒரு பிற்பகலை விழுங்கியது.

2025 ஜூலையில் வெளியான ‘மீட்டர்’ என்ற அமெரிக்க ஆய்வமைப்பின் அறிக்கையைப் படித்தபோது இது என் பிற்பகல் மட்டுமல்ல என்று தெரிந்தது. திறமூல மென்பொருள்களை, அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்களை, உருவாக்கும் அனுபவமிக்க 16 நிரலர்கள், தாங்கள் நன்கறிந்த மென்பொருள்களில் 246 பணிகளைச் செய்தார்கள். கருவிகளைப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட பணிகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. பணிகள் முடிந்த பிறகும் அவர்கள் 20 விழுக்காடு விரைவாகச் செய்துவிட்டதாகவே நம்பியதுதான் என்னை உறுத்தியது, ஏனெனில் அன்று மாலை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டு வீடு திரும்பினேன். (16 பேர் சிறு எண்ணிக்கைதான்; கருவிகளும் அதற்குப் பின் மாறிவிட்டன.)

மறுபுறம், எனக்கு அரைகுறையாகத் தெரிந்த பைத்தான் மொழியில், பழைய லாக் கோப்புகளை (மென்பொருள் தன் செயல்களைப் பதிந்து வைக்கும் கோப்புகளை)ப் பிரித்துப் பட்டியலிடும் சிறு நிரலொன்றை அதே கருவி சில நிமிடங்களில் எழுதித் தந்தது. விடை சரியா என்று பத்து வரிகளை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும் வேலை அது. தவறானாலும் யாருடைய வட்டியும் மாறாது. இத்தகைய வேலைகளை இப்போது தயங்காமல் அதனிடம் கொடுத்துவிடுகிறேன்.

அந்த 365க்கு மேலே, ஒப்பந்தப் பிரிவின் எண்ணோடு மூன்று வரிக் குறிப்பு எழுதிவைத்தேன். அதன் பின் அந்தப் பகுதியில் இருமுறை கருவியைப் பயன்படுத்தியும் அது அந்த வரியைத் தொடவில்லை. புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மட்டும் அதைப் படித்துவிட்டு, “சார், இந்த மாதிரி எழுதாமல் விட்டது இன்னும் எத்தனை இருக்கிறது?” என்று கேட்டார். இதுவரை பதினான்கு எண்ணியிருக்கிறேன்.