பன்னிரண்டுக்கு முன் படுக்கக் கூடாது

ஜூன் 3, திங்கள்

இரண்டு வாரமாக நான் எழுதிவந்த நோட்டைப் புரட்டிவிட்டு மருத்துவர் கணக்குப் போட்டார். படுக்கையில் இருப்பது எட்டரை மணி நேரம், தூங்குவது ஐந்தேகால். நூற்றுக்கு 62. ஆறு வருடத் தூக்கமின்மைக்கு மாத்திரை எழுதுவார் என்று பார்த்தால், படுக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்கிறார்! இரவு 12 மணிக்கு முன் படுக்கக் கூடாது, காலை 5.30-க்கு எழுந்துவிட வேண்டும். பகல் தூக்கம் கிடையாது. பசித்தவன் தட்டைப் பிடுங்குகிற வைத்தியம். ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இலேயே எழுதிய முறையாம்.

ஜூன் 5, புதன்

பத்து மணிக்கே தலை ஆடியது. பன்னிரண்டுக்குப் படுத்தால் வந்த தூக்கம் போன இடம் தெரியவில்லை. விழித்தபடி புரளக் கூடாது, எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும் என்பது இன்னொரு விதி. கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தேன். இணுக்கு இணுக்காக உருவ உருவ மனம் கொஞ்சம் அடங்கியது. இரண்டே முக்காலுக்கு அத்தை எழுந்து வந்தார்.

“விளக்கு வைத்த பிறகு கீரை ஆய்வார்களா?”

“விடியத்தானே போகிறது அத்தை.”

ஜூன் 9, ஞாயிறு

மோசமான வாரம். கண் சொருகுவதால் ஸ்கூட்டரைத் தொடவில்லை, பஸ்தான். அலுவலகத்தில் வரவைப் பற்றுப் பக்கம் எழுதித் திட்டு வாங்கினேன். முதல் வாரம் இப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சொன்னதால் கோபம் குறையவில்லை.

ஜூன் 14, வெள்ளி

கும்பகோணத்துக்காரியை மாலைக் காபியை விடச் சொல்வது பெரிய அநியாயம். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் காபியின் வீரியத்தில் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்குமாம். காலையில் ஒன்று, அதோடு சரி. சாயங்காலம் அத்தை டபராவில் ஆற்றும் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய்விடுகிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பன்னிரண்டுக்குப் படுத்தது நினைவிருக்கிறது. அடுத்து அலாரம்தான். வாரக் கணக்கு 88! இனி கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். சம்பளம் உயர்ந்தபோதுகூட இப்படித் துள்ளவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

இப்போது 11.30-க்குப் படுக்கிறேன். நேற்று நடுவில் விழிப்பு வந்தது. மணி தெரியாது, கடிகாரம் அலமாரிக்குள். பழைய படபடப்பு எட்டிப் பார்க்கவும் எழுந்து கூடத்துக்குப் போனேன். கீரை இல்லை. ஆனால் முறத்தில் அரிசி இருந்தது, கல் பொறுக்க. அத்தை வைத்திருக்கிறார். பாதி முறம் முடிவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. மீதியைக் காலையில் அவரே பொறுக்கிக்கொண்டிருந்தார்.