மாமியாருக்கு விசா எடுத்த கதை

என் மனைவி பிலிப்பைன்ஸ் நாட்டவர். நாங்கள் இருப்பது அமெரிக்காவில். 2024-இல் எங்கள் மகளுக்கு ஐந்து மாதம் நிறைந்த சமயம், பேத்தியை ஒருமுறை நேரில் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று மாமியார் தொலைபேசியில் சொன்னார். எதையும் வாய்விட்டுக் கேட்காதவர் அவர். அன்று இரவே விசா வேலையைத் தொடங்கினேன்.

தவறான முனையிலிருந்து தொடங்கிவிட்டேன். அழைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித்தாள் என்று என் பக்கத்துக் காகிதங்களையே ஒரு வாரம் திரட்டினேன். மருமகன் பொறுப்பேற்கிறான் என்றால் விசா தானாகக் கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். அமெரிக்க வெளியுறவுத் துறையின் விளக்கத்தைப் பொறுமையாகப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. வருகை விசாவுக்கு விண்ணப்பிக்க அழைப்புக் கடிதமோ செலவை ஏற்கும் உறுதிமொழியோ தேவையே இல்லை. குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, இந்த விசா கேட்டு வருபவரை நிரந்தரமாகத் தங்க எண்ணுபவர் என்றே முதலில் எடுத்துக்கொள்கிறது. அப்படியில்லை என்று நிறுவும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. அதற்கு அவருடைய வீடும் உறவும் வாழ்க்கையும்தான் சாட்சி.

அந்தச் சாட்சிக்கு மாமியாரிடம் குறைவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது, மாமனார் இருக்கிறார். மூத்த மகனின் பிள்ளைகள் பள்ளி விட்டதும் பாட்டி வீட்டுக்குத்தான் வருவார்கள்.

இதற்குள் உறவினர் ஒருவர் சொன்னார் என்று மாமியார் ஒரு முகவரிடம் போயிருந்தார். முகவர் நிரப்பிய படிவத்தின் நகலை எங்களுக்கு அனுப்பினார். அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று இருந்தது. மகள் அங்கே இருப்பது தெரிந்தால் மறுத்துவிடுவார்கள் என்பது முகவரின் வாதம். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. என் மனைவி குடியேற்ற விசாவுக்கு நிரப்பிய படிவத்திலேயே தாயின் பெயர் இருக்கிறது. விசாவுக்காகத் தெரிந்தே பொய் சொன்னது நிரூபணமானால் வாழ்நாள் முழுவதும் நுழையத் தகுதியற்றவராக ஆக்குகிற அளவுக்குக் கடுமையான சட்டம் அது. மறுப்பு வந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம். பொய்யைத் துடைப்பது மிகக் கடினம். நல்ல வேளையாக அந்தப் படிவம் இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை. அதை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம்.

டிஎஸ்-160 என்ற அந்த இணையப் படிவத்துக்கு ஒரு மாலை போதும் என்று நினைக்காதீர்கள். இருபது நிமிடம் சும்மா விட்டால் வெளியே தள்ளிவிடும். பக்கத்துக்குப் பக்கம் சேமிக்க வேண்டும். எங்களுக்கு அதிக நேரம் எடுத்தது பெயர்தான். பிலிப்பைன்ஸில் தாயின் குடும்பப் பெயர் நடுப்பெயராக வரும். பெண் திருமணமாகிக் கணவரின் குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டால், பிறந்த வீட்டுப் பெயர் நடுவுக்கு நகரும். ஆகவே பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர். அப்பா பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதி வாழ்கிற தமிழனான எனக்கு இந்தச் சிக்கல் பழகியதுதான். கடவுச்சீட்டில் உள்ளதை அப்படியே எழுதி, பிறந்த வீட்டுப் பெயரை "வேறு பெயர்கள்" என்ற இடத்தில் குறித்தோம். புகைப்படம் இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி. கண்ணாடி அணிந்து எடுத்ததால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

பயண நோக்கம் என்ற இடத்தில் வீட்டுக்குள்ளேயே ஒரு பேச்சு வந்தது. குழந்தையைப் பார்க்க வருவது வேறு, பார்த்துக்கொள்ள வருவது வேறு. அம்மா ஆறு மாதம் இருந்து குழந்தையைக் கவனித்துக்கொள்வார், தான் வேலைக்குத் திரும்பலாம் என்று மனைவி மனத்துக்குள் கணக்குப் போட்டிருந்தாள். பி-2 என்ற இந்த வருகை விசா வேலைக்கானது இல்லை. நேர்காணலில் அது எப்படி ஒலிக்கும் என்று இருவரும் யோசித்தோம். வார்த்தையை மட்டும் மாற்றிச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. திட்டத்தையே மாற்றினோம். குழந்தையைக் காப்பகத்தில் சேர்ப்பது, அம்மா இரண்டு மாதம் விருந்தாளியாக வந்து போவது. மனைவிக்கு அது எளிதான முடிவாக இல்லை.

இன்னொருவர் நிரப்பிக் கொடுத்தாலும் கையெழுத்துக்கான பொத்தானை விண்ணப்பதாரரேதான் அழுத்த வேண்டும். யார் உதவியது என்ற கேள்வியும் உண்டு. அங்கே என் பெயரை எழுதினேன். படிவத்தை அவர் பக்கத்தில் திறக்க ஒரு பாதுகாப்புக் கேள்விக்குப் பதில் வேண்டும். நான் தேர்ந்தெடுத்திருந்தது, தாயாரின் தாயார் பெயர். "என் பாட்டி பெயரை யாரும் கேட்டு நாற்பது வருடமாகிறது" என்றார் அவர், எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே. வீடியோ அழைப்பில் அவர் முகமும் சுட்டுவிரலும் மட்டும் தெரிந்தன. கடவுச்சீட்டு எண்ணைத் தட்டினார். படத்தில் வளைந்து நின்ற எழுத்துகளை இரண்டு முறை தவறாகப் படித்தார். மூன்றாம் முறை சரியானது. அழுத்துவதற்கு முன், "அனாக், எல்லாம் உண்மைதானே?" என்று கேட்டார். அவர்கள் மொழியில் அனாக் என்றால் பிள்ளை. "எல்லாம் உண்மை, நானாய்" என்றேன். நானாய் என்றால் அம்மா. அழுத்தினார்.

அப்போது கட்டணம் 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது.

நேர்காணலுக்காக மணிலா போனார். கைரேகை எடுத்தபின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றபடியே கேள்விகள். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், மகள் எப்படி அங்கே போனார், எத்தனை நாள், என்ன வேலை செய்தீர்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள். ஓய்வூதியத் தாள், நிலப் பத்திரம் எல்லாம் அடுக்கிய கோப்பு கையிலேயே இருந்தது; அதிகாரி அதைக் கேட்கவில்லை. பதிலை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். எந்தப் பாடம் நடத்தினீர்கள் என்று கேட்டதற்கு, கணக்குப் பாடம் என்று தொடங்கித் தன் மாணவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாராம். சில நிமிடங்கள்தான். விசா ஒட்டுவதற்காகக் கடவுச்சீட்டை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அதைக் கேட்டதும் மனைவி அழுதுவிட்டாள்.

பத்து ஆண்டுக்கான விசா வந்தது. ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலைய அதிகாரிதான் முடிவு செய்வார் என்பதை முன்பே சொல்லி வைத்திருந்தேன். ஆறு மாதம் கொடுத்தார்கள். எந்தத் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 என்ற வருகைப் பதிவை இணையத்தில் எடுத்து அந்தத் தேதியைச் சரிபார்த்தோம். எட்டு வாரம் இருந்துவிட்டு, சொன்னபடி திரும்பிப் போனார். குழந்தை குப்புற விழுந்து தவழ்ந்ததை அவர் கண்ணால் பார்த்தார்.

இப்போது மாமனாரின் முறை. படிவத்தை மாமியாரே நிரப்பிக்கொண்டிருக்கிறார். உதவியவர் யார் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டு எனக்குப் படம் அனுப்பினார்.