மூன்றாவது மகளின் வீடு

“இது மூண்டாவது மகளுக்கு, தங்கச்சி” என்று ராத்தா மேலே கைகாட்டினார்.

தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்க, மட்டக்களப்பில் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிக்குப் போயிருந்தேன். கீழ் வீடு மூத்த மகளுக்கு. மேல் வீடு இரண்டாவது மகளுக்கு. அதற்கும் மேலே கொங்கிறீட் பிளேட்டில் இருந்து கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. கம்பிகளின் முனையில் வெற்றுச் சோடாப் போத்தல்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து மதிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழம் இல்லை. ஊர் மேலேதான் வளர முடியும்.

எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. ஆரையம்பதியில் எங்கள் வளவையும் இப்படித்தான் பிரித்தார். அக்காவுக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு வீடு. அண்ணன் கலியாணம் கட்டி அண்ணி வீட்டுக்குப் போய்விட்டார்.

பெண்ணுக்குத்தான் வீடு. தாய்வழியில்தான் குடி, அதாவது குலம். கோயில் நிர்வாகத்தில் குடிக்கு வண்ணக்கர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு மரைக்கார். மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே முறைக்குள் வாழ்ந்த சனம்.

1990 ஆகஸ்ட் 3. இதே ஊரில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் பள்ளிவாசல்களுக்குள் வைத்துச் சுட்டார்கள். அந்த வருடம் எங்கள் பக்கமும் இழவு விழுந்தது. கலந்திருந்த தெருக்களை விட்டு ஆட்கள் தங்கள் தங்கள் பக்கம் ஒதுங்கினார்கள். இந்த நெருக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

“உங்கட மகளுக்கு வீடு தொடங்கியாச்சா?”

“அத்திவாரம் மட்டும்தான் ராத்தா.”

சட்டையை மடித்துக் கையில் தந்தார்.

“மேசனிட்டச் சொல்லி கம்பியக் கொஞ்சம் நீட்டி விடுங்க. பேத்தியும் வருவாள்தானே.”