யாழினியின் காலை நேரம்

ஜூன் 17, மும்பை செம்பூர்

பள்ளி திறந்தாச்சு. அண்ணன் மகள் யாழினி இப்போது மூன்றாம் வகுப்பு. அண்ணனும் அண்ணியும் விடியற்காலையிலேயே லோக்கல் பிடிக்க ஓடிவிடுவதால் காலைப் பொறுப்பு எனக்கும் அம்மாவுக்கும்தான். அவளுக்கு ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல் சிதறுவதும், சிலரிடம் ஓயாத துறுதுறுப்புமாக வெளிப்படும் மூளை வளர்ச்சி வேறுபாடு), வாசிப்பிலும் சிரமம் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஆளாளுக்கு ஒரு கருத்து. "அது ஓடிக்கிட்டே இருக்கிற பசங்களுக்கு வர்றதாச்சே, இவ வாயே திறக்க மாட்டாளே" என்றார் பக்கத்து ஃபிளாட் ஆன்ட்டி. இப்படி நினைப்பதால்தான் எத்தனையோ பெண் பிள்ளைகளின் சிரமம் யார் கண்ணிலும் படாமல் போகிறது. கை கால் அடங்கியிருந்தாலும் கவனம் அலைபாயலாம். அது வீட்டில் மட்டுமா, பள்ளியிலுமா, எத்தனை மாதமாக என்றெல்லாம் கேட்ட பிறகுதான் டாக்டர் முடிவுக்கே வந்தார்.

ஜூன் 20

இன்று பாத்ரூம் வாசலில் நின்று கவனித்தேன். பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்தாள். குழாயைத் திறந்தாள். வாளிக்குள் தண்ணீர் சுழல்வதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பேஸ்ட் வழுக்கித் தரையில் விழுந்தது, அது கூடத் தெரியவில்லை. "யாழி, பல்லு தேய்ச்சாச்சா?" என்றேன். "தேய்ச்சிட்டே இருக்கேன் அத்தை" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. தேய்த்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைக்கிறாள்.

அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா, "பல்லு தேய்ச்சு, குளிச்சு, யூனிஃபார்ம் போட்டு, பையை எடுத்துட்டு வா" என்று ஒரே மூச்சில் நாலு வேலை சொன்னாள். யாழினியின் காதில் நின்றது முதல் ஒன்று மட்டும். ஆனால் சாயங்காலம் உட்காரவைத்து, "காலையில என்னென்ன செய்யணும்?" என்று கேட்டால் வரிசை பிசகாமல் ஒப்பிக்கிறாள். அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, தெரிந்தது அந்த நேரத்துக்குக் கைகொடுப்பதில்லை. அப்படியானால் முந்தின ராத்திரி புத்தி சொல்லி என்ன ஆகப்போகிறது? வேலை நடக்கிற இடத்திலேயே அதை நினைவூட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

அவளையே ஒவ்வொரு வேலையாகச் செய்யவைத்து மொபைலில் படம் பிடித்தோம். ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்தாச்சு. எழுத்தே வேண்டாமென்று விட்டுவிட்டேன், வாசிப்பதே பாடாக இருக்கிறவளுக்கு அதில் இன்னொரு சுமை எதற்கு? பல், குளியல் படங்கள் பாத்ரூம் கண்ணாடிக்குக் கீழே. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், டைரி படங்கள் மூன்றும் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, அவள் கண் மட்டத்தில். எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் ஒட்டினால் அழகாக இருக்கும், ஆனால் பல் தேய்க்கிறவள் ஃபிரிட்ஜை எங்கே பார்க்கப்போகிறாள்?

ஹால் கடிகாரக் கண்ணாடியில் ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவே சிவப்பு செலஃபேன் தாள் ஒட்டினேன். பெரிய முள் சிவப்பைத் தாண்டுவதற்குள் யூனிஃபார்ம் போட்டிருக்க வேண்டும். "இன்னும் கால் மணி நேரம்தான்" என்றால் அவளுக்குப் பிடிபடுவதில்லை. சிவப்பில் இன்னும் எவ்வளவு பாக்கி என்பது பார்த்தாலே தெரிகிறது.

ஜூலை 2

வருஷப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் சைக்கிள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். ஆசையாகத்தான் சொன்னான். ஆனால் ஏப்ரல் மாதத்துச் சைக்கிள் இன்றைக்குக் காலையில் சாக்ஸ் போட வைக்காது. இப்போது ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அதன் படத்தை அவளே திருப்பி வைக்கிறாள். எல்லாவற்றையும் திருப்பிவிட்டால் அன்று சாயங்காலமே பாட்டியோடு பல்லாங்குழி. பொத்தாம்பொதுவாக "குட் கேர்ள்" என்று சொல்வதையும் விட்டுவிட்டு, "நான் சொல்லாமலே பாட்டில் பைக்குள்ள போயிடுச்சே!" என்கிறேன். எதற்காகப் பாராட்டு என்று அவளுக்கே புரிகிறது.

ஜூலை 8

ராத்திரி முழுக்கப் பேய் மழை. காலைப் பள்ளிகளுக்கு விடுமுறை. எப்படியும் லீவுதானே என்று எல்லாரும் படுத்துக் கிடந்தோம். பத்து மணிக்கு மேல் பல் தேய்க்கச் சொன்னால் அழுகை. இனி விடுமுறையானாலும் பல்லும் குளியலும் அதே வரிசையில்தான், நேரம் வேண்டுமானால் கொஞ்சம் தள்ளிப் போகட்டும்.

ஜூலை 13

"எட்டு வயசாச்சு, இன்னும் பின்னாடியே நிக்கணுமா?" என்று அண்ணன் கேட்டான். களைப்பில் கேட்டதுதான், கோபமில்லை. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னேன். மூளையின் மேற்பரப்பு வளர்ச்சியில் மற்றப் பிள்ளைகள் சராசரியாக ஏழரை வயதில் எட்டிய கட்டத்தை, ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகள் பத்தரை வயதில்தான் எட்டினார்கள். கவனத்துக்கும் திட்டமிடுதலுக்கும் உரிய முன்பகுதியில்தான் தாமதம் அதிகம். வளர்ச்சி அதே வழியில்தான் போகிறது, கொஞ்சம் பிந்திப் போகிறது. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ராத்திரி பை அடுக்கும்போது நான் கூட உட்கார்றேன்" என்றான்.

ஜூலை 19

அவள் நன்றாகப் பழகிவிட்டாளே என்று அம்மா பாத்ரூம் படங்களைக் கழற்றிவிட்டாள். மூன்றாம் நாளே பழைய கதை. மறுபடி ஒட்டியாச்சு. இவை பழக்கிவிட்டதும் எடுத்துவிடுகிற சமாச்சாரம் இல்லை. எடுப்பதாக இருந்தாலும் ஒவ்வொன்றாக, அவளைக் கேட்டுத்தான்.

ஜூலை 26

வகுப்பு டீச்சரைப் பார்த்தோம். டைரியில் "கவனக்குறைவு" என்று திரும்பத் திரும்ப எழுதுபவர், பொறுமையாகத்தான் கேட்டார். முன்வரிசை இடம், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, வீட்டுப்பாடம் எழுதி முடித்தாளா என்று மணியடிக்கும் முன் ஒரு பார்வை. மூன்றுக்கும் சரி என்றார்.

சட்டப்படியும் வழி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (வாசிப்பு, எழுத்து, கணக்கில் வரும் சிரமம்) என்பதும் ஒன்று. ஏடிஹெச்டி தனியாக அதில் இல்லை. அதனால் வாசிப்புச் சிரமத்துக்கான பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சான்றிதழ் கிடைத்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாம். சயான் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிக் கிளினிக் இருக்கிறது.

நாளை சனிக்கிழமை. அண்ணியோடு உட்கார்ந்து கிளினிக்கில் காட்ட ஆங்கிலம், இந்தி, மராத்தி நோட்டுகளை எடுத்து வைக்க வேண்டும். வீட்டில் பேசுவது தமிழ் என்பதையும் அங்கே மறக்காமல் சொல்ல வேண்டும். டாக்டர் எழுதித் தந்த கடிதம் அண்ணன் பீரோவில் இருக்கிறது.